தெருக்கடையா, சமையல் வகுப்பா, வீட்டு விருந்தா: உணவு வழியாக ஓர் ஊரை அறிதல்

ஓர் ஊரின் பண்பாட்டை அதன் உணவு வழியாக அறிய விரும்பும் பயணிக்கு முக்கியமாக நான்கு வழிகள் உள்ளன: தெருக்கடையிலோ பொது உணவங்காடியிலோ ஊராரோடு அமர்ந்து உண்பது, வழிகாட்டியுடன் கடை கடையாகச் சுவைத்து நடப்பது, சமையல் வகுப்பில் சேர்வது, ஒரு வீட்டில் விருந்தினராக உண்பது. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் சுவையையும் செலவையும் வைத்தே தீர்ப்பளிக்கின்றனர். பண்பாடுதான் நோக்கம் என்றால் அந்த அளவுகோல் போதாது. கைதேர்ந்த சமையற்காரர் தம் ஊர்ப் பண்டத்தை எந்த நாட்டிலும் செய்து தந்துவிடுவார். ஆனால் யார் முதலில் உண்கிறார், யார் பரிமாறுகிறார், எதைக் காலையில் உண்கிறார்கள், எதை மறுத்தால் மனம் புண்படும் என்பவற்றை அந்த ஊருக்குப் போய்த்தான் காண முடியும். இந்த நடைமுறைகளை எந்த வழி எவ்வளவு காட்டுகிறது என்பதை வைத்தே இங்கு நான்கையும் எடைபோடுகிறேன்.

தெருக்கடையின் பெரும் பலம், அது பயணிக்காக நடத்தப்படுவதில்லை என்பதாகும். சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்கள் இதற்குத் தக்க சான்று. 1960களின் இறுதியில் தெருவோர வியாபாரிகளைப் பதிவுசெய்யத் தொடங்கிய அரசு, 1980களின் நடுப்பகுதிக்குள் அவர்களைக் குழாய்நீரும் வடிகாலும் உள்ள நிலையங்களுக்கு மாற்றியது. 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சீன, மலாய், இந்தியச் சமையல்கள் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. வெவ்வேறு கடைகளில் வாங்கியவற்றை ஒரே மேசையில் வைத்து நண்பர்கள் உண்கின்றனர். உண்டபின் ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன. வெறும் மேசை மேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறார் என்று பொருள். பல சமூகங்கள் தத்தம் உணவு விதிகளை விட்டுக்கொடுக்காமல் சேர்ந்து உண்பது எப்படி என்பதை, ஒருவரும் விளக்காமலேயே, அரைமணி நேரத்தில் கண்டுகொள்ளலாம்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவதற்கு மேல் அங்கே எதுவும் கிடைக்காது. வரிசை நகரும்போது கடைக்காரருக்குக் காரணம் சொல்ல நேரமில்லை. நாமும் கடைசிவரை வாங்குபவராகவே இருக்கிறோம். புகழ் வந்துவிட்டால் இருக்கும் பலமும் குறைகிறது. 2016இல் சிங்கப்பூரின் இரண்டு அங்காடிக் கடைகளும், 2017 டிசம்பரில் பாங்காக்கின் ஜே ஃபை கடையும், சிறந்த உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரத்தைப் பெற்றன. பாங்காக் கடையின் நண்டு ஆம்லெட்டுக்காக வெளிநாட்டவர் மணிக்கணக்கில் காத்து நிற்கிறார்கள். பண்டம் மாறாமல் இருக்கலாம். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் நம்மைப்போல் பயணியாக இருந்தால், வந்த நோக்கத்தில் பாதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. பெயர் தெரியாத, கூட்டம் வேகமாக மாறும், கண்முன்னே சூடாகச் சமைத்துத் தரும் ஒரு கடைக்கு அடுத்தடுத்த காலைகளில் போவது இதைவிடப் பயனுள்ளது. வயிற்றுக்கும் அதுவே பாதுகாப்பு.

வழிகாட்டியுடன் நடக்கும் உணவு உலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத மொழியுள்ள ஊரில் முதல்நாள் அச்சத்தை அது போக்கும். தெருக்கடை தராத விளக்கத்தை அது தரும். ஆனால் மூன்று மணி நேரத்தில் ஏழெட்டு இடங்களில் ஒவ்வொரு வாய் உண்பது எந்த ஊராரின் வழக்கமும் அன்று. ஜப்பானில் நடந்துகொண்டே உண்பதைப் பலர் நாகரிகக் குறைவாகக் கருதுகின்றனர். கியோட்டோவின் நிஷிகி அங்காடி, நடந்தவாறு உண்ண வேண்டாமென்று வருவோரைக் கேட்டுக்கொள்கிறது. அத்தகைய ஊரில் நடந்து சுவைப்பதையே வடிவமாகக் கொண்ட உலா, தான் அறிமுகப்படுத்த வந்த பண்பாட்டுக்கே எதிராக நடக்கிறது. பார்சிலோனாவின் பொகெரியா சந்தையில் உள்ளூர்வாசிகள் காய்கறியும் மீனும் வாங்கவே இடர்ப்பட்டதால், வாரயிறுதியின் நெரிசல் நேரங்களில் 15 பேருக்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்களை 2015இல் நகராட்சி தடைசெய்ய நேர்ந்தது.

உண்மையான போட்டி சமையல் வகுப்புக்கும் வீட்டு விருந்துக்கும் இடையில்தான்.

சமையல் வகுப்பு மட்டுமே காட்டக்கூடியது உழைப்பை. மெக்சிகோவின் மக்காச்சோள ரொட்டியை எடுத்துக்கொள்வோம். உணவகத்தில் அது மென்மையான ஒரு வட்டம், அவ்வளவே. அடுப்பருகே நின்றால், உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, ஈரமாகவே அரைக்கும் முறை புரிகிறது. சுண்ணாம்பு தோலைக் கழற்றுவதோடு, சோளத்தில் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தையும் விடுவிக்கிறது. கொலம்பஸுக்குப் பின் சோளத்தை எடுத்துச்சென்ற ஐரோப்பியர் இந்த முறையை எடுத்துச்செல்லவில்லை. சோளமே முக்கிய உணவாகிப்போன வட இத்தாலிய ஏழைகளிடமும், பின்னர் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் பெலாக்ரா என்ற நியாசின் குறைபாட்டு நோய் பரவியது. 2010இல் மெக்சிகோவின் மரபுச் சமையல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, பயிரிடும் முறையோடு இந்தச் சுண்ணாம்பு முறையும் அதன் உறுப்பாகக் குறிப்பிடப்பட்டது. நூற்றாண்டுகளின் அறிவு ஒன்று ஒரு சட்டிக்குள் இருக்கிறது என்பதை, அந்தச் சோளத்தைத் தானே கழுவி அரைத்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

ஆயினும் எல்லா வகுப்புகளும் இதைத் தருவதில்லை. அரைநாளில் ஐந்து பண்டங்கள் என்று விளம்பரப்படுத்தும் வகுப்புகளில் பொருள்கள் முன்பே நறுக்கி, அரைத்து, கிண்ணங்களில் வைக்கப்பட்டிருக்கும். பயணி வாணலியில் கொட்டிக் கிளறிவிட்டுப் படமெடுத்துக்கொள்கிறார். பட்டியலும் அவருக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த பண்டங்களாகவே இருக்கும். தாய்லாந்தில் கறிக்கான மசாலாச் சாந்தை உரலில் இடிக்கவைக்கும் வகுப்புக்கும், புட்டியிலிருந்து கரண்டியால் எடுத்துக்கொடுக்கும் வகுப்புக்கும் கட்டணம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒரே பண்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யவிடும் வகுப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டு விருந்து உழைப்பை மறைத்து உறவைக் காட்டுகிறது. ஜார்ஜியாவில் சுப்ரா எனப்படும் விருந்தைத் தமதா என்ற விருந்துத் தலைவர் நடத்துகிறார். அமைதிக்கு, மறைந்தோருக்கு, குழந்தைகளுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அவர் வாழ்த்துரை சொன்ன பிறகே கோப்பைகள் உயரும். நினைத்த நேரத்தில் அருந்துவது முறையன்று. எத்தியோப்பியாவில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது, அருகிலிருப்பவர் இஞ்செரா என்ற தோசை போன்ற ரொட்டியில் கறியைச் சுருட்டி விருந்தினரின் வாயில் ஊட்டுவது அன்பின் அடையாளம். பின்பு வரும் காப்பி மூன்று சுற்றுகள் நீளும், அது முடியும் முன் எழுந்துபோவது மரியாதையாகாது. இங்கே பயணி வாங்குபவர் அல்லர், கடமைகள் உள்ளவர். கற்பதும் அதனால்தான் கூடுகிறது. சைவ உணவினரும், ஒவ்வாமை உள்ளவரும் இதன் மறுபக்கத்தை உணர்வார்கள்: கடையில் வேண்டாதவற்றைத் தவிர்க்கலாம், வகுப்பில் முன்கூட்டியே சொல்லலாம், ஊட்டவரும் கையை மறுப்பதுதான் கடினம். அன்றியும், விருந்தினருக்கு வைப்பது விசேஷ நாளின் உணவே. செவ்வாய்க்கிழமை இரவில் அந்தக் குடும்பம் என்ன உண்ணும் என்பது தெரியாமலே போகலாம்.

அழைப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதால் கட்டண விருந்துகள் பெருகியுள்ளன. இத்தாலியில் வீட்டுச் சமையற்காரர்களை இணைக்கும் செசரீனே அமைப்பு போலோஞ்ஞாவில் தோன்றியது. கியூபாவில் 1990களில் அனுமதி பெற்ற பலாடர் எனும் வீட்டு உணவகங்களுக்கு 12 இருக்கைகள் என்ற வரம்பு இருந்தது. வரம்பு தளர்ந்தபின் அவற்றுள் பல முழு உணவகங்களாகிவிட்டன. பணம் கொடுத்தால் அது விருந்தாகாது என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பே பேசிய தொகை, வசதியற்ற குடும்பத்தின் மேல் விருந்தோம்பலின் சுமை விழாமல் காக்கிறது. அழைப்பில் வந்த விருந்தில் கேட்கத் தயங்கும் கேள்விகளையும் கேட்கவைக்கிறது.

இந்த நான்கிலும் அடங்காத ஒன்று அமிர்தசரஸ் பொற்கோவிலின் லங்கர் எனும் இலவசப் பொதுப்பந்தி. எவர் வந்தாலும் தலையை மூடி, தரையில் வரிசையாக அமர்ந்து, ரொட்டியை இரு கைகளாலும் ஏந்திப் பெறுகிறார்கள். விரும்பினால் எழுந்துபோய் ரொட்டி தேய்க்கலாம், தட்டுக் கழுவலாம். வகுப்பின் உழைப்பும் விருந்தின் உறவும் ஒரே கூடத்தில் கிடைக்கின்றன. இத்தகைய பொதுப்பந்தி உள்ள ஊரில் மற்ற ஒப்பீடுகள் இரண்டாம்பட்சமே.

மற்ற ஊர்களில் என் பரிந்துரை நாள்களைப் பொறுத்தது. இரண்டே நாள் என்றால் ஒரே தெருக்கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதே சிறந்தது. ஒரு வாரம் இருந்தால் வகுப்பை இரண்டாம் நாளே வைத்துக்கொள்ள வேண்டும். இறுதி நாளுக்குத் தள்ளிவைத்தால், அதில் கற்றதைக் கொண்டு கடைகளைப் பார்க்க நேரமிருக்காது. கட்டண வீட்டு விருந்தை முன்பதிவு செய்யும்முன், வீட்டார் நம்மோடு அமர்ந்து உண்பார்களா என்று கேட்டறிய வேண்டும். பரிமாறிவிட்டு நின்றுகொண்டிருப்பார்கள் என்று பதில் வந்தால், அந்தப் பணத்துக்கு இன்னொரு சமையல் வகுப்பில் சேர்வதே மேல்.