இக்வானாவுக்கு 'நிறம் ஏற்றும் பொடி' வாங்குவோர் கவனத்திற்கு

காரைக்குடியில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்றில், இக்வானா என்னும் பெரிய பச்சைப் பல்லியின் மங்கிய நிறத்தை மீட்டுத்தரும் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட பொடி, அந்த விலங்குக்குக் கொடுக்கவே கூடாத ஒன்று என்பதைத் தாமதமாகத்தான் அறிந்தேன். இதே சரக்கு வேறு பெயர்களில் வேறு ஊர்களிலும் விற்கப்படலாம் என்பதால், கடையின் பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்து நாங்கள் வளர்க்கும் இக்வானா, சென்ற மார்கழியில் தளிர்ப்பச்சை போய், பாசி பிடித்த கல்லைப் போலக் கறுக்கத் தொடங்கியது. கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள், என்ன தின்கிறது, விளக்கு மாட்டி எத்தனை மாதமாயிற்று என்று எதையும் கேட்காமல், "அண்ணே, மூணே மாசத்துல ஆரஞ்சு ஏறிடும்" என்று 100 கிராம் டப்பா ஒன்றை 850 ரூபாய்க்குக் கொடுத்தார். டப்பாவின் மேல் செம்மஞ்சள் நிற இக்வானாவின் படம் இருந்தது; உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்துகூட இல்லை. ரசீதும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நறுக்கிய முருங்கைக்கீரையின் மேல் தினமும் ஒரு தேக்கரண்டி வீதம் ஐந்து வாரம் தூவினேன். நிறம் துளியும் ஏறவில்லை. இரை எடுப்பதுதான் குறைந்தது. ஒருநாள் அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்த அப்பத்தா, "ஏப்பா, கூனிப்பொடியை எதுக்கு இங்க வச்சிருக்க?" என்று கேட்டார்கள். வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தபோது, இளஞ்சிவப்புத் தூளுக்கிடையே மயிரிழை போன்ற மீசைத் துணுக்குகளும் கடுகைவிடச் சிறிய கருங்கண்களும் கிடந்தன. காய்ந்த சின்ன இறாலான கூனிக்கருவாடு சந்தையில் எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையில் பார்த்த கால்நடை மருத்துவர் விளக்கியது இதுதான். கூனியில் உள்ள செந்நிறமி, கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. வண்ண மீன்களின் தீவனத்தில் இவ்வகை நிறமிகளைச் சேர்ப்பது வழக்கம் என்பதால், கடைக்காரரின் பேச்சில் அரைக்கால் உண்மை இருந்தது. ஆனால் இக்வானாவின் பச்சை வேறு விதமாக உண்டாகிறது: தோலின் அடியடுக்கில் உள்ள குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் நீல ஒளியைத் திருப்பி அனுப்ப, அதன் மேலுள்ள மஞ்சள் நிறமி அடுக்கின் வழியே அது நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. அந்த மஞ்சளுக்கு உதவும் கரோட்டினாய்டுகளை உடல் தானாகச் செய்து கொள்ளாது, உணவிலிருந்துதான் பெறவேண்டும் என்றாலும், முருங்கைக்கீரையிலும் பூசணியிலும் அவை வேண்டிய அளவு உள்ளன. டப்பாவின் மேலிருந்த செம்மஞ்சளோ, இனப்பெருக்கக் காலத்தில் வளர்ந்த ஆணுக்கு ஏறுவது அல்லது பிறப்பிலேயே வருவது. எந்தத் தீவனமும் அதைக் கொண்டுவராது.

இக்வானா இலை தின்னும் விலங்கு. மாமிசப் புரதம் தொடர்ந்து உள்ளே போனால் யூரிக் அமிலம் பெருகிச் சிறுநீரகம் பழுதாகும், மூட்டுகளில் படிந்து வீக்கமும் வரும். எங்களுடையதன் இரத்தத்தில் அந்த அமிலம் ஏற்கெனவே கூடியிருந்தது.

கறுத்ததற்குக் காரணம் குளிர். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் கொண்ட எங்கள் உள்ளறை மார்கழியில் சில்லிட்டுவிடும். குளிர்ந்த இக்வானா வெயிலை உறிஞ்சிக்கொள்ளத் தன் தோலைக் கறுப்பாக்கிக் கொள்கிறது. போதாததற்கு, ஓராண்டுக்குள் மாற்றவேண்டிய புறஊதா விளக்கை நான் இரண்டாண்டாக மாற்றவில்லை. எரிந்துகொண்டிருந்ததால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்தத் தவறு என்னுடையது. ஆனால் கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் புது விளக்கை அவரே எனக்கு விற்றிருக்கலாம்.

இப்போது காலையில் இக்வானாவை வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், வெயில் விழும் இடத்தில், கண் மறையாமல் விடுகிறோம். பொடியை நிறுத்திய இரண்டாவது மாதத்தில் முதுகில் பச்சை திரும்பியது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, டப்பாவைத் திறந்துவிட்டதால் தரமுடியாது என்றார். போன வாரம் அந்த வழியாகப் போனேன். அதே டப்பா கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. ஆமைக்கும் ஏற்றது என்று புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.