மேக் முகவரி எடுக்க: ஜாவாவின் சொந்த வகுப்பா, ஷெல் கட்டளையா?

அலுவலகக் கணினிகளின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களையும் (வலைப்பின்னல் இணைப்புகள்), அவற்றின் வன்பொருள் அடையாள எண்களான மேக் முகவரிகளையும் திரட்டும் சிறு கருவியை ஜாவாவில் எழுத வேண்டியிருந்தது. வழிகள் இரண்டு. ஒன்று, ஜாவாவிலேயே உள்ள நெட்வொர்க்இன்டர்ஃபேஸ் வகுப்பு. மற்றது, விண்டோஸின் ஐபிகான்ஃபிக், லினக்ஸின் இஃப்கான்ஃபிக் போன்ற ஷெல் கட்டளையை நிரலுக்குள்ளிருந்து ஓட்டி, அது அச்சிடும் வரிகளை அலசுவது. நான் எடுத்தது முதலாவது. யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேகம் இங்கே பொருட்டல்ல. எப்போதோ ஒருமுறை ஓடும் கருவிக்கு, புதிதாக ஒரு ப்ராசஸைக் கிளப்பும் செலவு பெரிதில்லை.

முடிவு செய்வது பராமரிப்புதான். கட்டளையின் வெளியீடு மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டது. அதன் வடிவம் மாறாது என்று யாரும் உறுதி தரவில்லை. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் தன் தலைப்புகளை அந்தக் கணினியின் மொழியில் போடும். 'பிசிக்கல் அட்ரஸ்' என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடும் நிரல், ஜெர்மன் விண்டோஸில் எதையும் கண்டுபிடிக்காது. லினக்ஸில் பழைய இஃப்கான்ஃபிக் முகவரிக்கு முன் 'எச்டபிள்யூஅட்ர்' என்று எழுதியது. புதிய பதிப்பு 'ஈதர்' என்கிறது. பல லினக்ஸ் நிறுவல்களில் இஃப்கான்ஃபிக்கே இல்லை, ஐபி கட்டளை மட்டும்தான். விண்டோஸ் முகவரியை இடைக்கோட்டால் பிரிக்கும், லினக்ஸ் முக்காற்புள்ளியால். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெகெக்ஸ் (உரையில் வடிவம் தேடும் விதி) எழுதலாம். ஆனால் அடுத்த ஓஎஸ் அப்டேட்டில் எது உடையும் என்று தெரியாது. உடையும்போது பிழைச்செய்தியும் வராது, பட்டியல்தான் காலியாக வரும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

நெட்வொர்க்இன்டர்ஃபேஸ் 2002-இல் ஜாவா 1.4-உடன் வந்தது. மேக் முகவரி தரும் கெட்ஹார்ட்வேர்அட்ரஸ் என்ற மெத்தட் 2006-இல், ஜாவா 6-இல் சேர்ந்தது. அன்று எழுதிய நிரல் இன்றும் அப்படியே கம்பைல் ஆகும். ஜாவா 9 முதல் இன்டர்ஃபேஸ்களை ஸ்ட்ரீமாகவும் வாங்கலாம்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் இன்டர்ஃபேஸுக்கு மேக் முகவரி கிடையாது, நல் (வெற்று மதிப்பு) திரும்பும். சோதிக்காவிட்டால் நிரல் விழும். கிடைப்பது பைட் அணி. ஜாவாவின் பைட் -128 முதல் 127 வரை என்பதால், ஒவ்வொன்றையும் '%02எக்ஸ்' வடிவத்தில், அதாவது இரண்டு பதினறும எழுத்துகளாக, அச்சிடுவது பத்திரம். இஸ்வர்ச்சுவல் என்ற மெத்தடின் பெயரை நம்பி டாக்கர், விஎம் (மெய்நிகர் கணினி) இன்டர்ஃபேஸ்களை வடிகட்டப் பார்க்காதீர்கள். 'ஈத்0:1' போன்ற துணை இன்டர்ஃபேஸ்களை மட்டுமே அது குறிக்கிறது. விண்டோஸில் கெட்நேம் தரும் பெயர் கண்ட்ரோல் பேனலில் காணும் பெயராக இருக்காது. பயனருக்குக் காட்ட கெட்டிஸ்ப்ளேநேம்தான் உதவும். கணினியின் பெயருக்குரிய முகவரியை வாங்கி அதிலிருந்து இன்டர்ஃபேஸைத் தேடும், இணையத்தில் பரவலாகக் காணும் கெட்லோக்கல்ஹோஸ்ட் வழியையும் தவிர்க்கலாம். டெபியன், உபுண்டுவில் கணினியின் பெயர் பெரும்பாலும் 127.0.1.1 என்ற லூப்பேக் முகவரிக்கே போய் நிற்கும். உண்மையான இன்டர்ஃபேஸ் கைக்கு வராது.

ஓஷி என்ற நூலகமும் இருக்கிறது. சிபியு, வட்டு, நினைவகம் எல்லாம் சேர்த்துத் திரட்டுவதென்றால் அதைப் பார்க்கலாம். நான் சிறு சோதனைக்கு மேல் அதை ஓட்டியதில்லை, ஆகவே அழுத்திச் சொல்ல மாட்டேன். மேக் முகவரிக்காக மட்டும் வெளி நூலகத்தைச் சேர்ப்பது எனக்கு அதிகமாகப் படுகிறது.

ஒரே லினக்ஸ் சர்வரில் ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் ஜாவாவே வேண்டாம். '/சிஸ்/கிளாஸ்/நெட்' அடைவில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸின் கீழும் 'அட்ரஸ்' என்ற கோப்பு இருக்கிறது, திறந்து படித்துக்கொள்ளலாம்.