பிளாஸ்டிக் டப்பாவா, திறந்த அலமாரியா?

கடலூரில் கடற்கரையை ஒட்டிக் குடியிருப்போர், தைப்பதற்காகச் சேர்த்த துணிகளை எதில் வைப்பது என்பதை வடகிழக்குப் பருவமழையை மனத்தில் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா தூசியையும் பூச்சியையும் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் ஈரக்காற்றில் சற்றே நமுத்துப்போன பருத்தித் துணியை அதனுள் வைத்து மூடினால், ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. சென்ற மழைக்காலம் முடிந்து நான் திறந்த டப்பாவில், ரவிக்கைக்கென வைத்திருந்த வெள்ளைத் துணியின் மடிப்பு நெடுகிலும் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தன. எத்தனை முறை அலசியும் அவை போகவில்லை.

திறந்த அலமாரியில் காற்றோட்டம் உண்டு. எந்த நிறத்தில் எவ்வளவு துணி இருக்கிறது என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும் (இருப்பதை மறந்து அதே பூப்போட்ட துணியை மீண்டும் வாங்கும் செலவும் மிச்சம்). வெயிலில் நிறம் மங்குவதுதான் அதன் குறை. பழைய வேட்டி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டால் அதுவும் பெரும்பாலும் தீரும். கஞ்சிப் பசை இராமபாணப் பூச்சியை ஈர்க்கும் என்பதால், புதுத் துணியை அலசி, நன்றாக உலர்த்திய பின்னரே அடுக்க வேண்டும். சுருங்க வேண்டிய துணி தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடுவது இதில் கிடைக்கும் கூடுதல் பயன். ஆகவே பருத்தியையும் பட்டையும் அலமாரிக்கும், பாலியஸ்டர் உள்துணி, லேஸ், ஜிப் போன்றவற்றை டப்பாவுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.