சூட்டோட சார்ஜ் போடாதீங்க: மூணு வருஷ ஈவி ஸ்கூட்டர் அனுபவம்

புளியந்தோப்புல இருக்கற ஃப்ரெண்டு நேத்து நைட்டு போன் பண்ணான். மச்சி கம்பெனில வெல கொறச்சிருக்கான், உன் வண்டி மாடலயே புதுசா எடுக்கலாமான்னு கேட்டான். அவனுக்கு சொன்னத இங்கயும் எழுதறேன், யாருக்காவது உதவும்.

வண்டி எடுத்து மூணு வருஷம், 31,000 கிலோமீட்டர். தண்டையார்பேட்டைலேர்ந்து எண்ணூருக்கு டெய்லி டூட்டி, மீதி நேரம் காசிமேடு, மிண்ட், ஸ்டான்லி பக்கம். பிக்கப்பு, சத்தமில்லாம போறது இதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு, நான் பேட்டரிய பத்தி மட்டும் பேசறேன்.

டெலிவரி குடுக்கும்போது சர்வீஸ் ஆளு சொன்னது ஒண்ணே ஒண்ணு தான், 'வீட்டுக்கு வந்ததும் சொருகிடுங்க சார், ஃபுல்லானா தானா கட் ஆயிடும்'. அதயே தான் ஒரு வருஷத்துக்கு மேல செஞ்சேன். மே மாசம் மதியம் ஷிஃப்ட் முடிஞ்சி எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தா ஃபுட்போர்டு சூடு செருப்பயும் தாண்டி கால்ல ஏறும், அந்த சூட்டோடவே ப்ளக்க சொருகுவேன், சாயங்காலமே 100 ஆயிடும், மறுநாள் காலைல வரைக்கும் அப்படியே 100ல நிக்கும். கட் ஆவுது, உண்மை தான். ஆனா 100ல நிக்கறதே பேட்டரிக்குள்ள இருக்கற செல்லுங்களுக்கு பாரம்னு ஒருத்தனும் சொல்லல பா!

என் வண்டில இருக்கறது என்எம்சி செல்லு, லித்தியம் பேட்டரில ஒரு வகை. ஃபுல் சார்ஜ்ல ஒவ்வொண்ணும் 4.2 வோல்ட். அந்த வோல்டேஜ்ல ரொம்ப நேரம் நின்னா உள்ள இருக்கற கெமிக்கல் கொஞ்சம் கொஞ்சமா வீணாகும், சூடும் சேர்ந்தா அது இன்னும் வேகமா நடக்கும், போன கெப்பாசிட்டி திரும்பி வராது.

ரெண்டாவது வருஷம் எர்ணாவூர் மேம்பாலத்து மேல, மீட்டர்ல 18 பர்சன்ட் காட்டுது, வண்டி பொட்டுனு ஆஃப். பின்னாடி ட்ரெய்லர் ஹாரன் அடிக்கறான், பொண்ணு பின்சீட்ல ஸ்கூல் பையோட ஒக்காந்திருக்கா. அந்த அஞ்சு நிமிஷத்த இன்னிக்கு நெனச்சாலும் கோவம் தான் வருது.

சர்வீஸ்ல லேப்டாப் சொருகி காட்னாங்க, பேட்டரில இருக்கற 14 செல் வரிசைக்கும் ஒவ்வொரு வோல்டேஜ் நம்பர், 13 வரிசை 3.5 வோல்ட் கிட்ட, ஒண்ணு மட்டும் செவப்புல 2.9. அந்த ஒண்ணு வீக்கா போனதால பிஎம்எஸ், அதாவது பேட்டரிய காவல் காக்கற சர்க்யூட்டு, மொத்த பேட்டரியயும் கட் பண்ணிடுது. வாரன்டில மாத்திக் குடுத்தாங்க, ஒரு பைசா வாங்கல, அத மறைக்கக் கூடாது. ஆனா 23 நாள் ஷேர் ஆட்டோல போனது நானு. சார்ஜ் போடற பழக்கத்த முதல் நாளே சரியா சொல்லிக் குடுத்திருந்தா இவ்ளோ சீக்கிரம் இந்த நெலமைக்கு வந்திருக்காதுன்னு தான் இன்னும் நம்பறேன்.

அப்புறம் எல்லாத்தயும் மாத்திட்டேன். வந்ததும் நெழல்ல விட்டுடுவேன், ஃபுட்போர்ட கையால தொட்டு பாத்து சூடு எறங்கனப்புறம் தான் சார்ஜு. பாரிமுனைல திருகு வச்ச டைமர் ஒண்ணு வாங்கனேன் பாருங்க, இந்த மூணு வருஷத்துல வாங்கனதுல உருப்படியான பொருள் அது தான்! நைட்டு திருகி வச்சிட்டு படுத்தா விடியக்காலம் நாலு மணிக்கு டக்குனு ஒரு சத்தம், சார்ஜர் ஃபேன் சுத்த ஆரம்பிக்கும், ஆறு மணிக்கு நான் கெளம்பும்போது 80 கிட்ட இருக்கும். ஊர்லயே குளுமையான நேரமும் அது தான். ஞாயித்துக்கெழம மட்டும் 100 வரைக்கும் விடுவேன், எல்லா செல்லோட வோல்டேஜயும் சமமாக்கற வேலைய என் வண்டி பிஎம்எஸ் ஃபுல் சார்ஜ் கிட்ட வரும்போது தான் செய்யுது. 20க்கு கீழ எறக்கறதில்ல. எல்எஃப்பின்னு இன்னொரு வகை லித்தியம் பேட்டரி இருந்தா கணக்கு வேற, அதுல வாரம் ஒருவாட்டியாவது ஃபுல் பண்ணணும், இல்லன்னா மீட்டர் பர்சன்ட்ட தப்பா காட்டும்.

ப்ளக்கு சூடாகுதான்னும் அப்பப்ப தொட்டு பாருங்க. எங்க வீட்டு பழைய ப்ளக் பாயின்ட்ல லூஸ் கான்டாக்ட்டுல சூடாகி ப்ளாஸ்டிக் பழுப்பா ஆயிடுச்சி, உடனே மாத்தனேன். மிக்ஜாம் வெள்ளத்தப்போ நாலு நாள் கரண்ட் இல்ல, பாதி சார்ஜ்ல வண்டி சும்மா நின்னுச்சி, பேட்டரிக்கு ஒண்ணும் ஆவல. ஊருக்கு போறவங்க அப்படியே பாதில விட்டுட்டு போங்க.

புதுசுல ஒரு ஃபுல் சார்ஜுக்கு 92 கிலோமீட்டர் குடுத்துச்சி, ரிப்பேருக்கு முன்னாடி 64க்கு எறங்கிச்சி. மாத்தனப்ப 88, இப்போ 14 மாசம் கழிச்சும் 86. ஓட்ட இத விட நல்ல வண்டி எனக்கு கெடைக்காது.

ஆனா மச்சி, நீ வாங்காத. உனக்கு மூணாவது மாடி, இதுல பேட்டரிய கழட்ட முடியாது, கீழ பொது பாயின்ட்ல எப்போ எடம் கெடைக்குதோ அப்போ தான் சொருகுவ, சூடு ஆற விட உனக்கு ஏது நேரம். அந்த சர்வீஸ் ஆளுங்க இன்னிக்கும் புதுசா எடுக்கறவங்க கிட்ட அதே 'வந்ததும் சொருகிடுங்க' தான் சொல்றாங்க, போன வாரம் என் காதால கேட்டேன், அதுக்கே சிபாரிசு பண்ண மனசு வரல. பேட்டரிய கழட்டி மேல எடுத்துனு போற மாதிரி வண்டியா பாரு. சனிக்கெழம எனக்கு லீவு தான், ரெண்டு பேரும் போய் ஓட்டி பாத்துட்டு வரலாம்.