தனியாகவா, இரவல் சின்னத்திலா, சொந்தச் சின்னத்திலா?

நாடாளுமன்றத் தேர்தல் என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டில் ஒரு சிறிய கட்சிக்கு மூன்று வழிகள்தான். தனியாக நிற்பது. பெரிய கட்சியின் கூட்டணிக்குள் போய் அவர்கள் சின்னத்திலேயே நிற்பது. கூட்டணிக்குள் போனாலும் நம் சின்னத்தில் நிற்பது. வியாசர்பாடியில் நடந்த எங்கள் கட்சியின் மாவட்டக் கூட்டத்தில் இந்த மூன்றும் விவாதத்துக்கு வந்தபோது நான் மூன்றாவதற்குக் கை தூக்கினேன். ஒரு தொகுதி குறைந்தாலும் பரவாயில்லை, சின்னம் நம்முடையதாக இருக்கட்டும் என்பதுதான் என் நிலை. எதிர்த்துப் பேசிய தோழர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தனிப் போட்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தேமுதிகவின் கதையே போதும். 2006 சட்டமன்றத் தேர்தலில் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார்கள், ஜெயித்தது விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும். 2009 மக்களவைத் தேர்தலில் 10 சதவீதத்தைத் தொட்டும் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. 2011-ல் அதிமுகவோடு சேர்ந்தார்கள். 2009-ஐவிடக் குறைந்த சதவீதம்தான், ஆனால் 29 எம்எல்ஏக்கள், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. மக்களவைத் தேர்தலில் தனியாக நிற்பது இன்னும் கடினம். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து ஒரு தொகுதி. ஒன்றிரண்டில் நமக்குச் செல்வாக்கு இருந்தாலும் மீதி நான்கில் கரைந்துவிடும். போதாததற்கு, டெல்லியில் யார் ஆட்சி என்று மனதில் வைத்து ஓட்டுப் போடுகிறவர்கள் நம்மைப் பிடித்திருந்தாலும் 'உங்களுக்குச் சட்டமன்றத்தில் போடுறோம்பா' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீடு வீடாகப் போனவர்களுக்கு இது தெரியும்.

நாம் தமிழர் கட்சி இதே வழியில் போய் 2024-ல் 8 சதவீதத்தைத் தாண்டி, ஒரு இடமும் ஜெயிக்காமலேயே, கட்சிக்கென்றே சின்னம் ஒதுக்கித் தரும் மாநிலக் கட்சி அங்கீகாரம் வாங்கியது. அந்தப் பொறுமையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அதற்கு எல்லாத் தொகுதியிலும் ஆள் நிறுத்த வேண்டும். பொதுத் தொகுதிக்கு டெபாசிட் 25,000 ரூபாய், பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அதுவும் போய்விடும். எங்களுக்கு வடசென்னையில் எல்லா பூத்துக்கும் ஏஜென்ட் போடவே ஆள் போதாது.

சரி, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பதன் லாபம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. உதயசூரியனையோ இரட்டை இலையையோ யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாம். 2019-ல் திமுக கூட்டணியில் உதயசூரியனில் நின்ற பிற கட்சிக்காரர்கள் நான்கு பேர். விழுப்புரத்தில் விசிக, ஈரோட்டில் மதிமுக, நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சி (ஐஜேகே). நால்வருமே ஜெயித்தார்கள். அதே தேர்தலில் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்ற விசிக தலைவர் திருமாவளவன் 3,219 ஓட்டில்தான் தப்பினார். விழுப்புரத்தில் அதே கட்சியின் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று பெற்ற வித்தியாசம் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். எங்கள் கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொன்ன தோழருக்கு நல்ல கைத்தட்டல் கிடைத்தது. பெரிய கட்சித் தொண்டனுக்குத் தன் சின்னம் இல்லாத தொகுதியில் கை கால் ஓடாது என்றும் அவர் சொன்னார். அதுவும் உண்மைதான், பூத் சிலிப் கொடுக்கும் நாளிலேயே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் ஓட்டு எண்ணி முடித்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த ஒரே இடத்தில்தான். தன் வேட்பாளர் யார் என்று கட்சி தேர்தல் அதிகாரிக்குக் கொடுக்கும் ஏ, பி படிவங்களில் அந்த வேட்பாளர் பெரிய கட்சியின் வேட்பாளர். தேர்தல் கமிஷன் கணக்கில் அவர் வாங்கிய ஒவ்வொரு ஓட்டும் பெரிய கட்சியின் ஓட்டு. 2019-ல் திமுக ஜெயித்ததாகப் பதிவான 24 இடங்களில் அந்த நான்கும் அடக்கம். மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்கு எந்த வழியில் போனாலும், 25 தொகுதிக்கு ஒரு எம்பி என்றாலும், 6 சதவீத ஓட்டும் ஒரு எம்பியும் என்றாலும், நம் பெயரில் பதிவானதுதான் கணக்கு. நாம் ஜெயித்த தொகுதி நமக்கு பூஜ்யம். நாடாளுமன்றத்திலும் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி அந்த எம்பி பெரிய கட்சியின் உறுப்பினர்தான். கொறடா உத்தரவு அங்கிருந்துதான் வரும். கொள்கையில் முரண்பட்டு வேறு மாதிரி ஓட்டுப் போட்டால் பதவி போகும். ஐந்து வருடம் அடுத்தவர் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுக்குப் போகும்போது 'உங்களுக்கு எவ்வளவு ஓட்டு இருக்கு?' என்று கேட்டால் எதைக் காட்டுவது?

சென்னைக்காரர்களுக்கு இது இன்னும் கூர்மையாக உறைக்கும். வடசென்னை, தென்சென்னை, மத்திய சென்னை மூன்றிலும் 2019-லும் 2024-லும் திமுகவே நின்று திமுகவே ஜெயித்தது. அந்தக் கூட்டணியில் இருக்கும் சிறிய கட்சிக்காரன் ராயபுரத்திலோ பெரம்பூரிலோ ஒவ்வொரு தேர்தலிலும் இன்னொருவர் சின்னத்துக்குத்தான் நோட்டீஸ் கொடுக்கிறான். தன் சின்னம் எங்கோ சிதம்பரத்தில், திருச்சியில் நிற்கிறது என்பது ஒன்றுதான் அவனுக்குப் பிடிப்பு. அதுவும் இல்லையென்றால் அவன் ஏன் தனிக் கட்சியில் இருக்க வேண்டும்? எங்கள் வட்டத்திலிருந்து நல்ல உழைப்பாளிகள் சிலர் பெரிய கட்சிக்கே போய்விட்டார்கள். அவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

விசிகவுக்குத் திரும்ப வருகிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் பானையில் ஆறு இடங்களில் நின்று நான்கில் ஜெயித்தார்கள். 2024-ல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் பானை. அதே தொகுதிகள், அதே வேட்பாளர்கள். திருமாவளவனின் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது, ரவிக்குமாருடையது எழுபதாயிரம் சொச்சம். உதயசூரியன் இல்லாததால் விழுப்புரத்தில் ஓட்டு வித்தியாசம் குறைந்தது என்று வாதாடலாம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்தார்கள், இரண்டு எம்பியும் விசிக கணக்கில் ஏறினார்கள், 2025 தொடக்கத்தில் அங்கீகாரம் வந்தது, பானை அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 2019-ல் அதிமுக, பாஜக, பாமக ஒரே அணியில் இருந்தன. 2023 செப்டம்பரில் அதிமுக பாஜகவை விட்டு விலகியதால் 2024-ல் எதிரணி ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. சிதம்பரத்தில் வித்தியாசம் ஏறியதில் பானைக்கு எவ்வளவு பங்கு, பிளவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கடலூர் பக்கத்துக் களம் பழக்கமில்லை. எதிரணி மறுபடி ஒன்று சேர்ந்து நிற்கும் தேர்தலில் சொந்தச் சின்னத்தின் ஆபத்து கூடத்தான் செய்யும்.

அந்த ஆபத்தின் பெரும்பகுதி நேரத்தில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னம் உறுதியாவதே மனுவை வாபஸ் வாங்கும் கடைசி நாளில்தான் என்று ஆகிவிடுவதுண்டு. 2024-ல் அது மார்ச் 30. ஏப்ரல் 19 ஓட்டுப் பதிவு. மதிமுகவுக்கு அவர்களுடைய பழைய சின்னமான பம்பரம் கிடைக்கவில்லை. உதயசூரியன் வேண்டாம் என்று உறுதியாக நின்ற துரை வைகோ திருச்சியில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு இருபது நாளுக்குள் பிரச்சாரம் செய்து மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். புதுச் சின்னமே இவ்வளவு தூரம் போகுமென்றால், கூட்டணித் தலைமை மேடையில் அதைக் கையில் பிடித்துக் காட்டினால் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் பங்கீட்டுப் பேச்சில் தொகுதி எண்ணிக்கைக்கு முன்பாகவே சின்னத்தைப் பேசி முடிக்க வேண்டும். பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர் நம் சின்னத்தோடு நோட்டீஸ் அடிப்பார் என்பதும் அந்தப் பேச்சிலேயே முடிவாக வேண்டும்.

இன்னொன்று, ஒரு தொகுதிக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. அங்கீகாரம் இல்லாத கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் ஒரே சின்னம் தரும் பொதுச் சின்னச் சலுகைக்குக் குறைந்தது இரண்டு மக்களவைத் தொகுதியில் நிற்க வேண்டும் என்பது விதி. பம்பரம் கைவிட்டுப் போனது ஒரே தொகுதி வாங்கியதால்தான். அப்புறம் விண்ணப்பம். அவையின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது வழி திறக்கும், முதலில் வருபவருக்கே முன்னுரிமை. நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயி சின்னத்தை 2024-ல் இழந்தது வேறொரு கட்சி முந்திக்கொண்டதால். இப்போதைய மக்களவையின் முதல் கூட்டம் 2024 ஜூன் 24. அப்படியானால் 2028 டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் ஆள் டெல்லியில் இருக்க வேண்டும். கூட்டணி யாரோடு என்பது அதற்குள் முடிவாகாவிட்டாலும் சரி, விண்ணப்பம் போய்விட வேண்டும் என்று மாவட்டக் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.