தீயே பிடிக்காத எண்ணெய் என்றார். 4,60,000 ரூபாய் போயிற்று

நீராவி டர்பைனின் கட்டுப்பாட்டு வால்வுகளை இயக்கும் ஈஹெச்சி (மின்-ஹைட்ராலிக் கட்டுப்பாட்டு) எண்ணெயில் ஈரம் கூடிவிட்டதால், சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்து வேலை செய்து தரும் ஒரு நிறுவனத்தைச் சென்ற வாரம் அழைத்தேன். பராமரிப்பு ஒப்பந்தம் என் பெயரில் இருப்பதால் நட்டம் முழுவதும் என் தலையில்: 4,60,000 ரூபாய்.

வந்தவர் தேன் நிறத்தில் தெளிந்த எண்ணெய் நிறைந்த ஒரு கண்ணாடிப் புட்டியை என் மேசைமேல் வைத்தார். எவ்வளவு சூட்டில் ஓட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, "சார், இது பாஸ்பேட் எஸ்டர். தீயே பிடிக்காத எண்ணெயைச் சூடு என்ன செய்யும்?" என்றார். அந்தப் பதிலை நம்பி, இரவில் என் ஆள் ஒருவரைக்கூட நிறுத்தாமல் வீட்டுக்குப் போனேன். சூடான நீராவிக் குழாய்மேல் கசிந்தாலும் எளிதில் பற்றாது என்பதற்காகவே இந்த எண்ணெயை ஊற்றுகிறார்கள். ஆனால் பற்றாதது வேறு, கெடாதது வேறு. ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் எஸ்டர் சிதைந்து அமிலம் உண்டாகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்குகிறது.

மூன்று இரவுகள் இயந்திரம் ஓடியது. ஃபில்டர் அடைத்து எண்ணெய் ஓட்டம் குறைந்த பிறகும், எண்ணெயைச் சூடாக்கும் அதன் ஹீட்டரை யாரும் அணைக்கவில்லை. தொட்டியின் வெப்பமானி 58 டிகிரிதான் காட்டியது. ஹீட்டர் கம்பியை ஒட்டித் தேங்கிய எண்ணெய் வெந்துகொண்டிருந்ததை அது எப்படிக் காட்டும்? நான்காம் நாள் காலையில் மாதிரி எடுத்தபோது டிகாக்ஷன் நிறத்தில், மூக்கை அரிக்கும் நெடியோடு வந்தது. கம்பியைக் கழற்றிப் பார்த்தால் முழுக்கக் கரி. எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று காட்டும் அமில எண் 0.09 ஆக இருந்தது, 0.46 ஆகியிருந்தது. எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு சர்வோ வால்வுகள் பிசின் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை.

தொலைபேசியில் முதலில், "உங்கள் எண்ணெய் ஏற்கெனவே பழையது" என்றார்கள். வேலைக்கு முந்தைய ஆய்வறிக்கையை அனுப்பினேன். பார்த்தார்கள், பதில் இல்லை. பிறகு மேலாளர் ஊரில் இல்லை என்றார்கள். கடைசியில், புட்டியை என் மேசைமேல் வைத்த அதே மனிதர், "எண்ணெய்க்கு உத்தரவாதம் என்று ரசீதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அன்று மாலையே இயந்திர வாடகை பாக்கியைக் கேட்டுச் செய்தியும் வந்தது. முன்பணம், புது எண்ணெய், வால்வுப் பழுது எல்லாம் சேர்த்து 4,60,000 ரூபாய் இழந்தவனிடம் பாக்கி கேட்கிறார்கள்!

ஓட்டம் நின்றால் ஹீட்டர் தானாக அணைகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே இயந்திரத்தை இணைக்க விடுங்கள். வெப்ப வரம்பை எழுத்தில் வாங்குங்கள். அமில எண்ணைத் தினமும் பாருங்கள். கெட்ட எண்ணெயை வடித்ததும் குழாய்களைக் கழுவாமல் புது எண்ணெயை ஊற்றாதீர்கள். தங்கிய அமிலம் அதையும் கெடுக்கும். எங்கள் குழாய்களைக் கழுவும் வேலை நாளைதான் தொடங்குகிறது.