சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய சோயா தீவனக் கொடுவா

குழம்பு வைத்தேன், சதை உடையாமல் நின்றது, தோலடிக் கொழுப்பில்தான் அந்தக் கடல் வாசம் கம்மி. ‘சோயா தீவனம்ணே, சுத்தமான மீன்’ என்று கடைக்காரர் விலையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். சரி, கொடுவா சின்ன மீனையும் இறாலையும் தின்கிற ஜாதி, சோயாவில் அதற்கு வேண்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, போதாததற்குச் சோயாவில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் பாஸ்பரஸை மீனுக்குக் கிடைக்காமல் கட்டிப்போட்டுவிடும், அதனால் மெத்தியோனினும் பைட்டேட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதியும் சேர்த்துக் கொடுத்தால் வளர்ச்சிக்குப் பெரிதாகக் குறை வராது. இடிப்பது எண்ணெய். மீன் எண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் போட்டால் சதையில் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இறங்கிவிடும். எது போட்டார்கள் என்று கேட்டேன், அண்ணன் அடுத்த மீனுக்குச் செதில் சுரண்டப் போய்விட்டார். குழம்புக்குத் தாராளமாக வாங்கலாம், ஒமேகா-3 தான் வேண்டுமென்றால் மத்தி வாங்குங்கள்.